பெயின்ட்டுக்கு அடியில் தேக்கு: ராமநாதபுரம் கடற்கரை வீடுகளில் ஹீட் கன் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், ராமேஸ்வரம் பக்கம் ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்க எடுத்தால், முதல் வாரமே யாராவது ஒரு மிஷின் வாங்கச் சொல்வார்கள். பெரும்பாலும் அது ஹீட் கன்னாக, அதாவது சூடான காற்றை ஊதிப் பெயின்ட்டை இளக்கும் மிஷினாக இருக்கும், இல்லையென்றால் கிரைண்டர். கிரைண்டரைப் பழைய மரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவரவே கூடாது. இழைப்புளி ஓடிய தடமும் செதுக்கின் கூர்முனையும் ஒரு நிமிஷத்தில் மழுங்கிவிடும், பிறகு எந்த ஆசாரியாலும் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஹீட் கன் அப்படியல்ல. பிடிக்கத் தெரிந்தவர் கையில் அது அருமையான கருவி. ஆனால் மரத்துக்கு மட்டும், அதிலும் எல்லா மரத்துக்கும் அல்ல. சுவருக்கு அதைக் காட்டினால் சேதம்தான். எது எங்கே என்பதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கிறோம். கூடவே பெயின்ட் ரிமூவர், ஸ்கிராப்பர், சுவரையும் தரையையும் திறக்கும் கைவேலை ஆகியவற்றையும் எடை போட்டிருக்கிறோம்.

இந்தக் கரையில் பெரிய வீடு கட்டினவர்கள் கடல் வியாபாரிகள். கீழக்கரை மரைக்காயர்களுக்கு இலங்கையோடும் பர்மாவோடும் போக்குவரத்து இருந்தது. பர்மாத் தேக்கு நிலையாக, கதவாக, தூணாக, உத்திரமாக வீட்டுக்குள் வந்தது. சுவர் முருகைக்கல் (பவளப் பாறைக் கல்) அல்லது செங்கல், பூச்சு சுண்ணாம்பு. கூரை மங்களூர் ஓடு அல்லது மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிய தட்டைக் கூரை. இதன் மேல் பின்னால் வந்தவர்கள் எனாமல், டிஸ்டெம்பர், சிமென்ட் பூச்சு, டைல்ஸ், ஜிப்சம் சீலிங் என்று ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். பாதுகாக்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தார்கள். மரத்துக்கு அது பெரும்பாலும் நன்மையாகவே முடிந்தது. எனாமலுக்கு அடியில் தேக்கு புதிதுபோலக் கிடக்கும். சுவருக்கு நேர்மாறு.

வாங்கும் முன் ஒரு சின்னச் சோதனை

கடைக்குப் போவதற்கு முன் கதவின் பின்பக்கம், கீல் ஓரம், யார் கண்ணிலும் படாத இடத்தில் இரண்டு அங்குலச் சதுரம் ஒன்றைப் பிளேடால் படிப்படியாகச் சுரண்டுங்கள். மேல் அடுக்கை அகலமாக, அடுத்ததைக் கொஞ்சம் குறுகலாக, அப்படியே மரம் வரை. எத்தனை முறை அடித்திருக்கிறார்கள், என்ன நிறம், எது எண்ணெய்ப் பெயின்ட், எது சுண்ணாம்பு என்பதெல்லாம் அந்தச் சதுரத்திலேயே தெரிந்துவிடும். தண்ணீரில் நனைத்த துணியால் தேய்த்தால் நிறம் துணியில் இறங்குகிறதா? அது டிஸ்டெம்பர் அல்லது வெள்ளை. வெந்நீரும் பிரஷும் போதும், ஹீட் கன் அதை அசைக்காது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சுக்குப் பிசுபிசுவென்று இளகுகிறதா? அது பழைய அரக்குப் பாலிஷ். அதற்கும் சூடு வேண்டாம், ஸ்பிரிட்டாலேயே துடைத்து எடுக்கலாம். இரண்டுக்கும் அசையாமல் கல்லுபோல நின்றால்தான் எனாமல். ஹீட் கன்னுக்கு அங்கேதான் வேலை.

அதே சதுரத்தில் மரத்தையும் பாருங்கள். அடியில் இருப்பதெல்லாம் தேக்கு என்று நம்பி வேலையைத் தொடங்கிவிட வேண்டாம். முன்வாசல் நிலை தேக்காகவும், உள் அறைக் கதவு வேம்பாகவும், அடுப்படிக் கதவு பூவரசாகவும் இருப்பது இந்தப் பக்கம் சாதாரணம். வேம்பும் பூவரசும் நல்ல மரங்கள்தான், ஆனால் பாதியில் வந்து ஏமாறுவதைவிட முன்பே தெரிந்துகொள்வது மேல். கறுப்பு நார் கோடு கோடாகத் தெரிந்தால் அது பனங்கை. பனை வயிரத்தில் சூடு பட்டால் நார் பிரிந்து சிலும்பி நிற்கும். பனைக்கு ஸ்கிராப்பரும் தென்னை நார்ப் பிரஷும் மட்டுமே.

ஆணிமுனையால் அங்கங்கே குத்திப் பார்ப்பதும் அவசியம். கரையான் உள்ளே தின்றுவிட்டு, பெயின்ட் தோலை மட்டும் விட்டுவைத்திருக்கும் சட்டங்கள் நிறைய உண்டு. அவற்றில் சூடு காட்டினால் உள்ளே இருக்கும் மண்ணும் தூளும் கனலத் தொடங்கும். வெளியே புகை தெரிவதற்குள் நேரம் ஆகிவிடும்.

எந்த ஹீட் கன்

கடைகளில் இரண்டு வகை. வெப்பத்தைத் திருகி மாற்றக்கூடியது ஒன்று, இரண்டே நிலை உள்ளது மற்றொன்று. போஷ் ஜி.எச்.ஜி. 20-63 முதல் வகை: 2000 வாட், 50 முதல் 630 டிகிரி செல்சியஸ். அதே கம்பெனியின் ஜி.எச்.ஜி. 500-2 இரண்டாம் வகை: 1600 வாட், 300 அல்லது 500 டிகிரி. பழைய வீட்டுக்கு முதல் வகையையே வாங்கச் சொல்வோம். நமக்கு வேண்டிய வெப்பம் 350க்கும் 450க்கும் நடுவில் இருக்கிறது. 300இல் பல அடுக்கு எனாமல் அசையாது. 500இல் ஒரு விநாடி கூடுதலாக நின்றால் தேக்கு கருகும்.

630 வரை போகிறதே, இன்னும் சீக்கிரம் வேலை முடியுமே என்று யாரும் அந்தப் பக்கம் திருக வேண்டாம். காரணம் ஈயம். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும், குறிப்பாக மஞ்சள், பச்சை, சிவப்பு. சூடு எல்லை மீறினால் ஈயம் புகையாகி மூச்சோடு உள்ளே போகும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1,100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், அதாவது சுமார் 593 செல்சியஸுக்கு மேல், ஹீட் கன் வைத்து ஈயப் பெயின்ட் எடுப்பதைத் தடை செய்திருக்கிறது. 630 அந்த எல்லையைத் தாண்டியது. சக்கரத்தில் எண் மட்டும் போட்டிருக்கும் மிஷின் என்றால், எந்த எண்ணுக்கு எத்தனை டிகிரி என்று கையேட்டில் பார்த்து, 450க்கு நேராக நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். வேலைக்கு வருகிற எல்லோருக்கும் அந்தக் கோடுதான் எல்லை.

மின்சாரம் அடுத்த சிக்கல். 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். பழைய வீட்டின் 5 ஆம்பியர் பிளக்கில் குத்தினால் சுவிட்ச் உருகும். 15 ஆம்பியர் பாயின்ட்டிலிருந்து, குறைந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் உள்ள எக்ஸ்டென்ஷனில் எடுங்கள். டிரம்மில் சுற்றியிருந்தால் முழுதாக அவிழ்த்துவிட வேண்டும். சுற்றியபடியே ஓட்டினால் ஒயர் தன் சூட்டிலேயே வெந்துவிடும்.

இந்தக் கரைக்கே உரிய இன்னொரு தொல்லை காற்று. கச்சான் அடிக்கும் மாதங்களில் திண்ணையில் நின்று ஹீட் கன் பிடித்தால், மிஷினின் மூக்கிலிருந்து வரும் சூடு மரத்தில் படுவதற்குள் பாதி போய்விடும். சூடு போதவில்லை என்று வெப்பத்தைக் கூட்டுவார்கள். காற்று ஒரு நொடி நின்றதும் மரம் கருகும். கழற்ற முடிந்த கதவைக் கழற்றி, காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டி, எதிர்ப்பக்கம் திறந்த இடத்தில் மரக்குதிரை மேல் படுக்கவைத்துச் செய்யுங்கள். வேலை முடிந்து மிஷினை உடனே அணைக்காமல் குளிர்ந்த காற்று நிலையில் ஓரிரு நிமிஷம் ஓடவிட்டு, ஆறியதும் டப்பாவில் மூடி வையுங்கள். உப்புக்காற்றில் திறந்து கிடந்தால் உள்ளே இருக்கும் சூட்டுக் கம்பியும் இணைப்புகளும் பூத்துப்போகும்.

பிடிக்கும் விதம்

முகப்பு மூக்கு அகலமானதாக இருக்கட்டும். மரத்துக்கும் மூக்குக்கும் இரண்டு அங்குல இடைவெளி, சாய்வாக 45 டிகிரி. ஒரே இடத்தில் நிற்காமல் உள்ளங்கை அகலத்துக்கு முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பெயின்ட் முதலில் பளபளப்பை இழக்கும், பிறகு தோசைபோலக் கொப்புளிக்கும். கொப்புளித்த அந்த நொடியில் ஸ்கிராப்பரைத் தட்டையாகச் செலுத்தினால் அடுக்கு மொத்தமும் சுருளாக வரும். புகை வந்தால் நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். வெப்பத்தைக் குறையுங்கள் அல்லது கையை வேகப்படுத்துங்கள். மேலடுக்கை மட்டும் சுரண்டிவிட்டு மறுபடி சூடு காட்டுவது பழக்கக் குறை. அடியடுக்கு வரை இளகக் காத்திருந்து ஒரே வீச்சில் எடுத்தால் மரம் ஒருமுறைதான் சூட்டைத் தாங்க வேண்டியிருக்கும்.

ஸ்கிராப்பருக்கு விலை உயர்ந்த கார்பைடு பிளேடு தேவையில்லை. அது அளவுக்கு மீறிக் கடினம், கை ஒருமுறை சாய்ந்தால் தேக்கில் பள்ளம் விழும். பழைய ரம்பத் தகட்டை ஒன்றரை அங்குல அகலத்தில் வெட்டி, மூலைகளை அரத்தால் உருட்டிக் கொல்லன் பட்டறையில் கைப்பிடி போட்டு வாங்கினால் அதைவிட நன்றாக வேலை செய்யும். தூணின் வளைவுக்கு அதே வளைவில் ஒன்று, கதவுப் பலகையின் பள்ளத்துக்கு முக்கோண முனையில் ஒன்று. மூன்று இருந்தால் ஒரு வீடு முடியும்.

கண்ணாடி பதித்த கதவு, மேல்சாளரம் என்றால் கண்ணாடியைத் தகரம் அல்லது நனைத்த கனத்த துணியால் மறைக்காமல் தொடவே கூடாது. பழைய வண்ணக் கண்ணாடி ஒரு பக்கச் சூட்டிலேயே விரிசல் விடும், அதற்கு இணையான நிறம் இப்போது கிடைப்பது கடினம். கண்ணாடி ஓரத்து மூன்று அங்குலத்தை ரிமூவருக்கு விட்டுவிடுங்கள்.

பக்கத்தில் வாளித் தண்ணீர் வேண்டும். நிலைக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடுக்கில் சிலந்திவலை, குருவிக்கூட்டுப் பஞ்சு, பழைய தென்னை நார் எல்லாம் அடைந்திருக்கும். வேலையை முடித்த கையோடு பூட்டிவிட்டுப் போகாமல் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்து இடுக்குகளைத் தொட்டுப் பாருங்கள். மாலையில் கடைசி ஒரு மணி நேரத்தில் சூட்டு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

முகத்துக்குப் பி100 வடிகட்டி போட்ட அரை முகமூடி வேண்டும், துணி முகமூடி ஆகாது. தரையில் கனமான பாலித்தீன் விரித்து, விழும் சுருளை அன்றன்றைக்குச் சாக்கில் கட்டுங்கள். காய்ந்த பெயின்ட் மேல் உப்புத்தாள் போடவே வேண்டாம், அந்தத் தூசிதான் ஈயத்தை வீடு முழுக்கப் பரப்பும். தேய்த்தே ஆக வேண்டிய இடத்தில் தண்ணீர் தெளித்து நனைத்துத் தேயுங்கள். எடுத்த சுருளைக் கிணற்றடியில் புதைப்பதோ, கடற்கரையில் கொட்டுவதோ, கொளுத்துவதோ கூடாது. வேலை நடக்கும் நாட்களில் சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்த வீட்டில் இருக்க வேண்டாம்.

இத்தனையும் சரியாக நடந்தால், தட்டையான நிலைச்சட்டம், தூண், உத்திரம் மூன்றுக்கும் ஹீட் கன்னை அடித்துக்கொள்ள வேறு கருவி இல்லை. ஐந்துக்கு நாலரை. மீதி அரை மதிப்பெண் 450க்கு மேல் போகவிடாமல் பூட்டும் வசதி இல்லாததற்காகக் குறைந்தது.

பெயின்ட் ரிமூவர்: செதுக்கு வேலைக்கு மட்டும்

தூண் தலையில் உள்ள போதிகையில் வாழைப்பூ, நிலை மேல் கொடிவேலை, கதவுக் குமிழைச் சுற்றிய தாமரை. இங்கெல்லாம் ஹீட் கன் மேட்டைக் கருக்கிவிட்டுப் பள்ளத்தை அப்படியே விடும். பசை வடிவ ரிமூவர் பள்ளத்திலும் இறங்கும். ஆனால் கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற வேகமான ரகத்தில் மெத்திலீன் குளோரைடு இருக்கும். அதன் கொதிநிலையே சுமார் 40 டிகிரிதான். நம் ஊர் மே மாத வெயிலில் அது பெயின்ட்டுக்குள் இறங்குவதற்கு முன் காற்றில் போய்விடும். ஆகவே காலை எட்டரை மணிக்குள், நிழலில். டின்னைத் திறக்கும்போது மூடிமேல் துணி போட்டு மெதுவாகத் திறவுங்கள், உள்ளே அழுத்தம் கூடியிருக்கும்.

பிரஷால் ஒரே திசையில் அரை விரல் கனத்துக்குப் படியப் பூசுங்கள். பூசிய இடத்தில் திரும்பத் தேய்த்தால் மேல்தோல் கிழிந்து ஆவியாகிவிடும். பூசியதும் பாலித்தீனால் மூடி 20 நிமிஷம். எடுப்பதற்கு இரும்புக் கம்பிப் பிரஷ் கூடாது. உடைந்த முனைகள் தேக்கில் சிக்கி, உப்புக்காற்றில் துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாகக் கறை விடும். சீவிய மூங்கில் குச்சி, பித்தளைப் பிரஷ், தென்னை நார். கடைசியில் மரத்தூளைத் தூவித் தேய்த்தால் மிச்சப் பசையை அது உறிஞ்சிக்கொள்ளும். பிறகு டர்பென்டைன் நனைத்த துணி.

இந்த ரகத்தின் ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்வான அறையில் தேங்கும். என்95 முகமூடி இதற்குப் பயன்படாது. லேடெக்ஸ், நைட்ரைல் கையுறைகளை இது சில நிமிஷத்தில் ஊடுருவிவிடும். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு இதை விற்பதற்கே 2019 முதல் தடை. திறந்த முற்றத்தில் தவிர இதை எடுக்கவே வேண்டாம். ரிமூவர் போட்ட மரத்தில் அதே நாள் ஹீட் கன் காட்டினால் அந்த ஆவி சூட்டில் சிதைந்து நச்சு வாயுவாகும். இரண்டுக்கும் இடையே நன்றாகத் துடைத்து, ஓரிரு நாள் காற்றாட விடுங்கள். பென்சைல் ஆல்கஹால் கலந்த ரகம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். மணிக்கணக்கில் ஊற வைக்க வேண்டியிருக்கும், ஆனால் ஆபத்து குறைவு. வேகமான ரகத்துக்கு ஐந்துக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை, மெதுவான ரகத்துக்கு மூன்றரை.

காஸ்டிக் சோடாக் கரைசலில் கதவை முக்கி எடுத்துத் தரும் இடங்களும் உண்டு. மலிவு, வேகம். தேக்கு கறுத்து, நார் எழும்பி, பொருத்துகளில் ஒட்டிய பசை கழன்று வரும். ஊறிய காரம் மரத்துக்குள்ளேயே தங்கி, பின்னால் போடும் எண்ணெயையும் பாலிஷையும் பிடிக்கவிடாது. வேண்டாம்.

பெயின்ட் அப்பிய பித்தளைக் கொண்டி, குமிழ், கீல்களுக்கு ரிமூவரும் வேண்டாம், சூடும் வேண்டாம். சமையலுக்கு இனி எடுக்காத ஒரு பழைய எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் சலவைச் சோடா போட்டு, கொதிக்கவிடாமல் சிறு தீயில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் பெயின்ட் தோலாகக் கழன்று வரும். வீட்டுக்குள் இல்லாமல் கொல்லையில் வைத்துச் செய்யுங்கள். அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரித்துவிடும்.

சுவர்: இங்கே மிஷின் வேண்டாம்

முருகைக்கல் கடலிலிருந்து வந்தது. துளை நிறைந்தது, உப்பும் உள்ளே உண்டு. சுண்ணாம்புப் பூச்சு அந்தத் துளைகள் வழியே ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் 1964 டிசம்பர் புயலில் கூரை போன தனுஷ்கோடித் தேவாலயத்தின் முருகைக்கல் சுவர் அத்தனை வருஷ உப்புக்காற்றிலும் இன்னும் நிற்கிறது. அதே கல்லின் மேல் சிமென்ட் பூசினால் ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகி, கல்லின் முகத்தையே தூளாக்கும். தரையோடு நின்ற ஓதம் இடுப்பு உயரத்துக்கு ஏறும். உப்புப் பூத்த சுவர் என்று மறுபடி சிமென்ட் பூசுவார்கள், அடுத்த மழைக்கு ஓதம் இன்னும் ஒரு முழம் மேலே போகும்.

ஈரமான இந்தச் சுவரில் ஹீட் கன் காட்டினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிச் சுண்ணாம்புத் தோலைப் பொரித்துத் தள்ளும். பிரேக்கர் மிஷின் வைத்தால் சிமென்ட்டோடு கல்லும் வரும். நல்லவேளையாக, கடினமான சிமென்ட் மெத்தென்ற சுண்ணாம்பில் முழுதாகப் பிடித்திருக்காது. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளல் சத்தம் வரும் இடத்தில் சாக்பீஸால் வட்டமிடுங்கள். வட்டத்தின் நடுவில் தொடங்கி, ஒரு அங்குலத் தட்டை உளியைச் சுவரோடு கிட்டத்தட்ட ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, கால் கிலோ சுத்தியலால் தட்டினால் சிமென்ட் அப்பளமாகப் பெயரும். கெட்டியாகப் பிடித்திருக்கும் இடத்தை இப்போதைக்கு விடுங்கள், சுற்றிலும் எடுத்த பிறகு பெரும்பாலும் தானே தளரும். பிளாஸ்டிக் எமல்ஷன் மட்டும் அடித்த சுவர் என்றால் வேலை இன்னும் எளிது. ஓரத்தைக் கிளப்பினால் ரப்பர்த் தோல்போல உரியும்.

வெள்ளை அடுக்குகளுக்கு அடியில் கோடோ பூவோ நிறமோ தெரிந்தால் உளியைக் கீழே வையுங்கள். ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தின் சுவர் முழுக்க ஓவியம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், வீடுகளிலும் வாசல் வளைவைச் சுற்றி வண்ணக் கரையும் பூக்கோலமும் போடும் வழக்கம் இருந்தது. அதை எடுக்கும் கை வேறு, கொத்தனார் கை வேறு.

மூடிய மாடக்குழிகளைக் கண்டுபிடிப்பது இந்த வேலையிலேயே மகிழ்ச்சியான பகுதி. விளக்கு மாடம், புத்தக மாடம், பெரிய வீடுகளில் வளைவு வைத்த அலமாரி. சுவர் ஒன்றரை முதல் இரண்டு அடி கனம் என்பதால் உள்ளே இடம் தாராளம். வாசலுக்கு இரண்டு பக்கமும், தலைமாட்டுச் சுவரிலும், மார்பு உயரத்தில் தட்டிப் பாருங்கள். வில் வடிவில் மயிரிழை விரிசல் ஓடினால் அங்கே இருக்கிறது. திறக்கும்போது மேலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. வளைவின் கல்லை உளி தொட்டால் மேலே இருக்கும் சுவரும் இறங்கும். நடுவில் ஒரு கல்லை எடுத்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, அதிலிருந்து கீழ்நோக்கிப் பிரியுங்கள். வளைவை ஒட்டிய வரிசை கடைசியில். திறப்பு மூன்றடிக்கு மேல் அகலமாக, தரை வரை இறங்கினால் அது மாடமல்ல, பழைய வாசல். மேலே உத்திரம் உளுத்ததால்தான் முன்னோர் அதை அடைத்திருக்கலாம். முட்டு கொடுக்காமல் ஒரு கல்லையும் எடுக்காதீர்கள்.

சிமென்ட் போனதும் சுவர் வெள்ளையாகப் பூக்கும். பயப்பட ஒன்றுமில்லை, உப்பு வெளியே வருகிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து உள்ளேயே திரும்பப் போகும். காய்ந்த பிரஷால் தட்டிச் சேகரித்து வெளியே கொட்டுங்கள். பிறகு பழைய செய்தித்தாளைக் கிழித்து நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, விரல் கனத்துக்குச் சுவரில் அப்பி, முழுதாகக் காய்ந்ததும் உரித்தெடுங்கள். உப்பு காகிதத்துக்கு ஏறிவிடும். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும். போர் தண்ணீர் இந்த மாவட்டத்தில் பல இடத்தில் உப்பு, அதை இதற்கோ சுண்ணாம்பு குழைக்கவோ எடுத்தால் செய்ததெல்லாம் வீண். லாரித் தண்ணீர்ச் செலவைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

உதிர்ந்த கல்லுக்குப் பதிலாகப் புதிதாக முருகைக்கல் தேடிப் போகாதீர்கள். பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எதிரே இருக்கும் மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ம் 1986 முதல் தேசியப் பூங்கா. யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றாலும் வாங்கக் கூடாது. அதே சுவரிலிருந்து விழுந்ததைத் திரும்ப வைக்கலாம், மீதிப் பள்ளத்தைச் சூளைச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு அடைக்கலாம். மறுபூச்சு, நன்றாக ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு உப்பில்லாத ஆற்றுமணல் மூன்று பங்கு, ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். வாடைக்காற்றுக்கு முன் முடித்துவிட வேண்டும், வெயில் நேரடியாகப் படும் சுவரில் ஒரு வாரம் ஈரச் சாக்கு தொங்கவிட வேண்டும்.

தரையும் மேலேயும்

டைல்ஸுக்கு அடியில் ஆத்தங்குடிக் கல்லோ சிவப்பு ஆக்சைடு தரையோ இருக்கும் வாய்ப்பு அதிகம். வாசல்படி ஓரத்தில் ஒரே ஒரு டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்து முடிவெடுங்கள். அடியில் மணல் விரித்து டைல்ஸ் போட்டிருந்தால் அதிர்ஷ்டம், சிமென்ட் பால் ஊற்றி ஒட்டியிருந்தால் நாலில் ஒன்றாவது போகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆசிட் மட்டும் கூடவே கூடாது. ஆத்தங்குடிக் கல்லே சிமென்ட்தான், நிற அடுக்கு சில மில்லிமீட்டர் கனம் மட்டுமே. மேலே ஒட்டிய சிமென்ட்டைக் கரைக்கும் ஆசிட் அந்த நிறத்தையும் சேர்த்துக் கரைக்கும். பாலிஷ் மிஷினும் அப்படித்தான். நனைத்து நனைத்து, மர ஆப்பால் சுரண்டி, கடைசியில் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

ஜிப்சம் சீலிங்குக்கு மேலே தேக்கு உத்திர வரிசையும் குறுக்கே சாய்வாக நிறுத்திய சின்னச் செங்கல்லும் தெரிந்தால் அது மெட்ராஸ் டெரஸ். அழகைப் பார்ப்பதற்கு முன் ஒவ்வொரு உத்திரமும் சுவருக்குள் நுழையும் முனையை ஆணியால் குத்திப் பாருங்கள். நடுப்பகுதி இரும்பாக இருக்கும், சுவருக்குள் இருக்கும் அரை அடிதான் ஓதத்தில் உளுத்திருக்கும். ஓட்டுக்கூரை என்றால் ஓட்டைத் திருப்பிப் பாருங்கள், பாசல் மிஷன் முத்திரை இருக்கலாம். மங்களூரில் 1865இல் தொடங்கிய தொழிற்சாலை அது. அப்படிப்பட்ட ஓட்டைக் கழுவி அடுக்கி வையுங்கள், உடைசல் என்று கொட்டிவிட வேண்டாம்.

திறந்த தேக்குக்கு வார்னிஷ் வேண்டாம், உப்புக்காற்றில் இரண்டு மூன்று வருஷத்தில் செதில் செதிலாகும். பெயின்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். முதல் கை, எண்ணெயும் டர்பென்டைனும் சரிபாதி. அடுத்த இரண்டு கை வெறும் எண்ணெய், ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு நாள். பூசி அரை மணி நேரத்தில் ஊறாமல் நிற்பதைத் துடைத்துவிடுங்கள், விட்டால் பிசுக்காகத் தங்கும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். லின்சீட் எண்ணெய்த் துணி குவியலாகக் கிடந்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் வாளியில் முக்கிவிடுங்கள், இல்லையென்றால் கொல்லைக் கொடியில் தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள்.